மூன்று விரல் உயரம்

டெய்லரம்மா சபதம் போட்டதை நான் ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். எங்கள் சமையலறை ஜன்னலும் அவர்கள் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே இருப்பது வீடு கட்டியவன் செய்த வேலை.

"ஞாயித்துக்கிழமை இந்தப் படகு பாலத்தைத் தாண்டுச்சுன்னா, கடையைப் பூட்டிட்டு உங்ககூட வரேன். தாண்டலைன்னா அன்னைக்கே பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் இந்தப் பேச்சே இருக்கக் கூடாது."

"சரி," என்றார் கடிகாரக்காரர். அவ்வளவுதான். பெண்டாட்டி பேசினால் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ளும் ஜாதி.

முப்பது வருஷம் ஒற்றைக் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு கடுகளவு சக்கரங்களைப் பார்த்தவர். அதனாலேயே பெரிய பொருள் மேல் ஆசை வந்திருக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால், மீன்பிடித்து ஓய்ந்துபோன ஒரு சின்ன டிராலர் படகை வாங்கி, வீட்டுப் பின்பக்கக் கால்வாயில் கட்டினார். வலை இழுக்கிற சாமானெல்லாம் போய் கட்டில் வந்தது, அடுப்பு வந்தது, ஜன்னலுக்குத் திரைகூட வந்தது. கால்வாய் வழியாக விரிகுடா, அங்கிருந்து இன்னொரு கால்வாய், அப்புறம் இன்னொரு விரிகுடா, இப்படியே கரையை உரசிக்கொண்டு போவாராம். எதுவரைக்கும் என்று கேட்டால், "போறதுதான்," என்பார். தெருவே சிரித்தது. நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

ஞாயிறு காலை ஒரே பனிமூட்டம். எது தண்ணீர், எது கரை என்று தெரியவில்லை. படகு டுப் டுப்பென்று தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி போக, நாங்கள் கரையோரமாகப் பின்னாலேயே நடந்தோம். பாலத்தடியில் இரும்புக்காரர் லாரியோடு வந்து உட்கார்ந்திருந்தார். படகின் மூக்கு பாலத்துக்கடியில் நுழைந்தது. அடுத்து, கிர்ரென்று ஒரு சத்தம். படகறையின் கூரை பாலத்துக் கல்லில் இடித்து நின்றுவிட்டது.

கடிகாரக்காரர் கையை வைத்துப் பார்த்தார். மூன்று விரல் உயரம் அதிகம். எங்கள் கால்வாயில் தண்ணீர் ஏறி இறங்குவதே நாலு விரல்தான். அன்று இறங்க வேண்டியது முழுக்க இறங்கியிருந்தது. இரும்புக்காரர் எழுந்து உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"வரும்போது நுழைஞ்சது, போகும்போது ஏங்க நுழையலை?" டெய்லரம்மா கேட்டாள்.

"கூரையை ஒரு சாண் தூக்கிக் கட்டினேன்."

"எதுக்கு?"

"மொத மொதல்ல ஏறினப்ப நீ தலையில இடிச்சுக்கிட்டியே. நான் குட்டை, எனக்குப் போதும். நீ நிமிந்து நிக்கணும்ல?"

அவள் அவரைவிட ஒரு தலை உயரம். எங்கள் தெருவின் நிரந்தரக் கேலி அது. அவள் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் கூரையையும் கல்லையும் அளந்தாள். ஏதோ ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று யாரோ வந்து நிற்கிற மாதிரி.

"ரெண்டு இஞ்ச். கூரையைக் குறைக்க வேண்டாம். படகை இறக்கிடலாம்," என்றவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "வேடிக்கை பார்த்தது போதும். எல்லாரும் ஏறுங்க! அக்கா, மொதல்ல நீங்க."

ஏன் முதலில் நான் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பதினோரு பேர் ஏறினோம். இன்னும் அரை விரல் மிச்சம். டெய்லரம்மா கரையைப் பார்த்தாள்.

"அண்ணே."

"ஏம்மா, நான் இதை வாங்க வந்தவன்!"

"வாங்கிக்கலாம். இப்ப ஏறுங்க."

இரண்டு ஆள் கணக்கு அவர். படகு ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது.

இன்ஜினை நிறுத்தினார்கள். நாங்கள் குனிந்தபடி கைகளை மட்டும் உயர்த்திப் பாலத்தின் அடிக்கல்லைத் தள்ளினோம். உள்ளங்கையில் சில்லென்று ஈரம். வெளியேயிருந்து நுழைந்த கொஞ்சூண்டு வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கல்மேல் நெளிந்தது. பாலம்தான் எங்கள் கைகளுக்கு மேலே மெதுவாக நடந்து போகிற மாதிரி இருந்தது. எங்கள் தெரு ஆட்கள் பதினோரு பேர் பேசாமல் இருந்தோம் என்றால் நம்புவீர்களா?

வெளியே வந்தால் விரிகுடா. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளை. பாலம் தாண்டியதும் எங்களை இறக்கியிருக்கலாம். யாருமே நிறுத்தச் சொல்லவில்லை. இரும்புக்காரர் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார்.

வெகுநேரம் கழித்து மீன் இறக்கும் படிக்கட்டில் ஒவ்வொருவராக இறங்கினோம். ஒவ்வொரு ஆளுக்கும் படகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. இரும்புக்காரர் இறங்கியதும் துள்ளியே எழுந்தது.

"திரும்பி வரப்ப பாலத்துல எப்படி நுழைவீங்க?" என்று கேட்டேன். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கடிகாரக்காரர் திருதிருவென விழித்தார். மனிதர் அதை யோசிக்கவே இல்லை. படகறைக்குள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நன்றாக நிமிர்ந்து நின்றிருந்த டெய்லரம்மாதான் சொன்னாள்: "பாலத்துக்கு வெளியில வந்து ஹார்ன் அடிக்கிறோம்க்கா. அதுவரைக்கும் யாரும் இளைச்சிடாதீங்க!"

டுப் டுப் சத்தம் பனிக்குள் போய்விட்டது.

எதிர் ஜன்னல் மூடியே கிடக்கிறது. நான் காலை நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டேன். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா?