இருநூற்றுப் பதினான்கு சிவப்பு முத்திரைகள்

எங்களுக்கு மானியம் தரும் அரசுத் துறையிலிருந்து வந்த கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்தது. மூன்றாம் முறை படித்தது கோபத்தை வளர்த்துக்கொள்ளத்தான்.

எங்கள் சங்கம் அனுப்பிய ஆறு அறிக்கைகளின்படி, குடியேறி வந்தவர்களின் கோரிக்கைகள் இருநூற்றுப் பதினான்கும் தீர்ந்துவிட்டனவாம். நிலுவை ஒன்றுமில்லையாம். தீர்க்கப் பிரச்சினையே இல்லாத இடத்தில் நலப்பணியாளர் எதற்கு? ஆகவே அந்தப் பதவிக்கான மானியம் இந்த மாதத்தோடு நிற்கிறது, ஆட்சேபம் இருந்தால் பத்து நாளைக்குள் நேரில் வரலாம். கடைசியில் பாராட்டு வேறு.

அந்த நலப்பணியாளர் நான்தான். டயர் கடைக்கு மேலே ஒரே அறை, ஒரு மேசை, முதுகு உடைந்ததையும் சேர்த்து மூன்று நாற்காலிகள். பிழைக்க வந்தவர்கள் தங்களுக்குப் புரியாத காகிதங்களை எல்லாம் அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். படித்துச் சொல்வேன், எழுதிக் கொடுப்பேன், அலுவலகங்களுக்குக் கூடப் போய்ப் பேசுவேன். சம்பளம் அரசாங்கத்தினுடையது. சங்கத்துக்குச் சொந்தம் என்று இருப்பது அந்த அறையும் தலைவரும் மட்டும்தான்.

தலைவர்தான் அந்த முத்திரையைச் செய்துகொண்டு வந்தார். 'முடிந்தது' என்று சிவப்பு மையில் விழும். "நிலுவைன்னு எழுதினா நம்மள சோம்பேறின்னு நெனைப்பாங்கம்மா" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. கடிதம் அனுப்பினால் ஒரு குத்து, விண்ணப்பம் கொடுத்தால் ஒரு குத்து. பதில் வந்ததா என்று யார் பார்த்தார்கள்? என் வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர்ப் பிரச்சினை எல்லாம் ஒண்ணுவிடாம தீர்த்துட்டியாமே, நம்ம சமையக்கட்டுக் குழாய்க்கும் ஒரு குத்து குத்தேன், ஒழுகறது நிக்குதா பாப்போம்." கையிலிருந்த கரண்டியை ஓங்கினேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறுநாள் காலை வரைக்கும்கூட நிலைக்கவில்லை.

காலையில் சலவைக்கூடத்து அக்கா வந்தாள். துணிக்கு இஸ்திரி போடும் பெரிய இயந்திரத்தில் சிக்கி வலது கையில் மூன்று விரல் போனவள். அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி விசாரணை.

"நீ வந்துருவல்ல தங்கச்சி? அங்க பேசறது எனக்கு ஒரு எழவும் புரியாது. நீ இல்லன்னா எனக்கு வாயே கிடையாது."

பதவியே இந்த மாதத்தோடு போகிறது, வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? அவளுடைய கோப்பை எடுத்தேன். மேலட்டையில் பளிச்சென்று சிவப்பு முத்திரை. விசாரணைக்கு விண்ணப்பம் போட்ட அன்றே குத்தியிருந்தேன்.

தலைவர் வேறு யோசனையோடு வந்தார். "புதுசா முந்நூறு பேர் வரப்போறாங்கன்னு எழுதிப் போடுவோம். யார் வந்து எண்ணப்போறா?"

"இப்படி எழுதித்தானே ஐயா இந்தக் கதிக்கு வந்திருக்கோம்? உள்ளதைச் சொல்வோம். முடியாததை முடிஞ்சதுன்னு எழுதிட்டோம்னு ஒத்துக்குவோம்."

"மானம் போயிரும்மா!"

"போனா திரும்ப வரும். அந்த அக்காவுக்கு விரல் திரும்ப வருமா?"

அவர் படியிறங்கிப் போனார். நான் கோப்புகளைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். ஒன்பது நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மின்தூக்கி வேலை செய்யாத கட்டடங்கள், எட்டுப் பேர் படுக்கும் அறைகள், தொழிற்சாலை வாசல்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: உங்க விஷயம் உண்மையிலே முடிஞ்சுதா?

உணவகத்துச் சமையல்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே பின்வாசலுக்கு வந்தார். அவருடைய கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்திருந்தார். அதைத் திருப்பிக் கேட்டு நான் கடிதம் எழுதி ஒன்றரை வருஷம் ஆகிறது.

"பாஸ்போர்ட் கைக்கு வந்துதாண்ணே?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏண்ணே நீங்க திரும்ப வரல?"

"நீங்கதானே முடிஞ்சுதுன்னு சொன்னீங்க? சரி, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுபோலன்னு விட்டுட்டேன். உங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்?"

அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை. அப்படியே பாத்திரம் அடுக்கிய சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். நான் குத்திய முத்திரை காகிதத்தோடு நிற்கவில்லை, நம்பி வந்தவர்களின் வாயையும் அடைத்திருக்கிறது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. "மன்னிச்சிருங்கண்ணே, இது முடியல. மறுபடி ஆரம்பிக்கிறோம்" என்றேன். அன்றைக்கு அதற்குப் பிறகு இன்னும் பதினோரு வீடு ஏறினேன்.

பத்தாம் நாள் துறை அலுவலகத்துக்குப் போனபோது தலைவர் வாசலிலேயே நின்றிருந்தார். தேய்த்த சட்டை, கடுகடுத்த முகம். கூடவே உள்ளே வந்தார்.

அதிகாரி ஓர் அம்மாள். நான் கொண்டுபோன பட்டியலை ஒரு பக்கம் விடாமல் படித்தார். இருநூற்றுப் பதினான்கில் உண்மையாகவே முடிந்தது அறுபத்தொன்று. மற்ற நூற்று ஐம்பத்து மூன்றும் நடுவழியில் நின்றிருந்தன.

"அப்போ மூணு வருஷமா நீங்க அனுப்பினது பொய்யா?"

"கடிதம் போட்டேன், விண்ணப்பம் போட்டேன், அதெல்லாம் நிஜம். முடிஞ்சுதுன்னு எழுதினது பொய். நல்ல பேர் வாங்கணும்னு எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்தப் பட்டியலைப் பார்த்தா ஆள் கட்டாயம் வேணும்னு தெரியுது. மானியம் தொடரும். ஆனா தப்பான அறிக்கை கொடுத்தவரை அப்படியே வெச்சுக்க விதி இடம் கொடுக்காது. பதவிக்குப் புதுசா விளம்பரம் போடுவோம். நீங்களும் விண்ணப்பிக்கலாம், ஆனா இந்தக் குறிப்பு உங்க கோப்புல இருக்கும். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா பழைய முடிவுதான்."

நாற்காலி பிழைக்கும். அதில் உட்காருவது நானா என்பது தெரியாது. வீட்டு வாடகை ஒரு நொடி மனசில் வந்து போனது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.

காகிதத்தை அந்த அம்மாள் எடுக்கப் போனபோது தலைவர் கை நீட்டித் தடுத்தார். "ஒரு நிமிஷம். அந்த முத்திரையைச் செஞ்சு கொடுத்தது நான். அந்தக் குறிப்புல என் பேரும் வரணும்." என் பேனாவை வாங்கி என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். மனிதரை எத்தனை முறை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்! அன்றைக்குக் காலில் விழாத குறை.

சாயங்காலம் அக்கா வந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"பன்னெண்டாம் தேதி உங்ககூட வர இந்த நாற்காலில ஒரு ஆள் இருக்கும்கா. அது யாருன்னு எனக்குத் தெரியாது. விளம்பரம் வந்ததும் நானும் விண்ணப்பம் போடுவேன். கிடைக்கலன்னாலும் அன்னைக்கு நான் உங்க பக்கத்துலதான் இருப்பேன். வேற எங்கயும் போகமாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோப்பின் மேலட்டையைப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தச் சிவப்பு என்னவென்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"இது இன்னும் இருக்கே?"

அடிப்பதற்குப் பேனாவை எடுத்தேன். "குடு, என் விஷயம், நான் அடிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். கட்டுப் போட்ட வலது கையால் கோப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழக்கமில்லாத இடது கையால், பல்லைக் கடித்துக்கொண்டு கோடு இழுத்தாள். முத்திரையைத் தாண்டி அட்டையின் ஓரம் வரை போய்விட்டது.

"கோணலாப் போச்சே தங்கச்சி."

"இருக்கட்டும்கா. அடிச்சது தெரியுதுல்ல" என்றேன்.