வாலில் மூன்று ஓட்டை

எங்கள் குண்டு விமானத்தின் வால்முனையில் துப்பாக்கியோடு மண்டியிட்டிருப்பவன் நான். பெயர் வஹான் தெர்சியான், அமெரிக்காவில் ஃப்ரெஸ்னோ ஊர்க் கம்பள வியாபாரி மகன். நாற்பத்து நாலு ஏப்ரலில் பெர்லினில் குண்டு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் நாலு எஞ்சினில் இரண்டு செத்துப்போயின. வெளியே பேசும் ரேடியோவும் போச்சு. கூட வந்த விமானக் கூட்டம் முன்னால் போய்விட, ஹாலந்துக்கு மேலே தனியாக நொண்டிக்கொண்டிருந்தோம்.

பின்னால் ஒரு சின்ன விமானம் முளைத்தது.

"நம்ம காவல் விமானமாடா, ஜெர்மன்காரனா?" முன்பக்கத்திலிருந்து காதுக்கருவி வழியே கேப்டன் லிண்ட்குவிஸ்ட் கேட்டார்.

"மூஞ்சிதான் தெரியுது கேப்டன். நேரா பாத்தா எல்லாம் ஒரே ஜாடை."

"மூக்க நம்ம பக்கம் நீட்டுனா சுடணும். விதி அதான்."

சுட்டேன். அது சட்டென்று ஒதுங்கி, குண்டு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டது. என்னிடம் மிச்சம் இருந்த தோட்டா ஒரு மூச்சு சுடக்கூடக் காணாது. பிறகு அது மெல்லச் சாய்ந்து, இறக்கை, வயிறு, எங்கள் படையின் வெள்ளை நட்சத்திரம் எல்லாவற்றையும் விரித்துக் காட்டியது.

"நட்சத்திரத்த எவன் வேணா வரைஞ்சுக்கலாம். கிட்ட வந்தா போடு."

வந்தது. பக்கவாட்டில், நத்தை வேகத்தில், வயிற்றை என் துப்பாக்கிக்கு நேராக வைத்துக்கொண்டு. அப்பா கடையில் பார்த்திருக்கிறேன், கள்ளச் சரக்குக்காரன் வாங்குகிறவனை அவசரப்படுத்துவான். கம்பளத்தின் பின்பக்கத்தைத் திருப்பவே விடமாட்டான். இவனோ தானே திருப்பிப் போட்டுவிட்டுச் சும்மா காத்திருக்கிறான்.

"சுட மாட்டேன் கேப்டன். நம்ம ஆளுதான்."

"பத்து உசுருடா."

"தெரியும். அதுல ஒண்ணு என்னோடது. முதல்ல போறதும் அதுதான்."

விரலை எடுத்தேன். அவன் பக்கத்தில் வந்து முஷ்டியை ஆட்டினான். எங்கள் நொண்டி வேகம் அவன் விமானத்துக்கு ஆகாது. முன்னே போகாமலிருக்க எங்கள் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் வளைந்து வளைந்து பறந்தான். கடலோரத்தில் மேகத்திலிருந்து ஜெர்மன்காரன் ஒருத்தன் எட்டிப் பார்த்து, விரட்டு விரட்டு என்று ஆசை காட்டி ஓடினான். புதுப்பையன் என்றால் பின்னாலேயே போயிருப்பான். நம்மாள் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு உடனே திரும்பினான். எங்களைக் கொத்த மேகத்துக்குள் காத்திருந்த இரண்டாமவன், இவனைக் கண்டதும் வந்த வழியே போனான்.

இங்கிலாந்தில் எங்கள் பின்னாலேயே அவனும் இறங்கினான். ஆறரை அடி உடம்பைத் தீப்பெட்டியிலிருந்து உருவுவதுபோல் உருவிக்கொண்டு வந்தான். பெயர் ஹோலிஸ், ஒக்லஹோமாக்காரன்.

"வால்ல உக்காந்திருந்தவன் எவன்டா?"

"நான்தான்."

"என் வால்ல மூணு ஓட்டை."

"முப்பது சுட்டேனே, மூணுதானா?"

"அதக் கேக்கத்தான் வந்தேன். இவ்வளவு கேவலமா சுடுறவன எவன் அங்க உக்கார வெச்சான்?"

"நான்தான்," என்றார் கேப்டன். "ஒழுங்கா சுடுறவன வெச்சிருந்தா நீ ஏது, நாங்க ஏது?"

 ஹோலிஸ் புல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். நாங்கள் பத்துப் பேரும் சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டோம். ஆம்புலன்ஸ்காரன் ஓடி வந்து, யாருக்கு அடி என்று கேட்டான். ஹோலிஸ் சிரிப்புக்கு நடுவே தன் விமானத்தின் வாலைக் கைகாட்டினான்.