சிரித்த முகத்தில் இட்ட குறி

நூல் மில்லில் காலை ஆறு மணிச் சங்கு ஓய்வதற்குள் பொன்னுத்தாய் தம் மூன்று மிஷின்களையும் ஒரு சுற்று நடந்து முடித்திருந்தார். விளக்கொளியில் பஞ்சுத் தூசி, மாவு சலித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. அறுந்த இழையை, நூல் சுற்றும் கதிரிலிருந்து உருவி, உருளையின் அடியில் வழியும் பஞ்சுப் புரியோடு தொட்டுச் சேர்க்க வேண்டும். ஒன்றைச் சேர்ப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் நான்கு அறுந்திருக்கும். தைப்பொங்கல் வரை ஆளுக்கு இரண்டு மிஷின். பொங்கல் கழிந்த மறுவாரமே மூன்றாக்கிவிட்டார்கள். ஆளும் கூடவில்லை, கூலியும் கூடவில்லை. வேலை நேரத்தில் பேசக் கூடாது என்று ஒரு பலகையும், வாசலருகே ஒரு நீலப் பெட்டியும்தான் புதிதாக வந்தன.

'உள்ளம் நலமா?' என்று அந்தப் பெட்டியின்மேல் அழகாக எழுதியிருந்தது. சிரித்த முகம், வாடிய முகம், அழுத முகம் என மூன்றும் அச்சிட்ட அட்டை, தினமும் ஆளுக்கு ஒன்று. பிற்பகல் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் எண் உள்ள அட்டையில் ஒரு முகத்துக்குக் குறியிட்டுப் பெட்டிக்குள் போட வேண்டும். யாராவது அழுத முகத்தில் குறியிட்டால் மருத்துவரை அழைத்து வருவதாகச் சின்ன முதலாளி சக்திகுமார் ஒலிபெருக்கியில் வாக்களித்திருந்தார்.

முதல் இரண்டு நாள் எல்லாரும் தாமே குறியிட்டார்கள். ஆனால் மல்லாங்கிணற்றுப் பக்கத்துப் பெண்களை ஏற்றிச் செல்லும் மில் வேன் இரண்டு பத்துக்குப் புறப்பட்டுவிடும். பெட்டியின் முன் வரிசையில் நின்றவர்கள் இரண்டு நாளும் வேனைத் தவறவிட்டு, வெயிலில் பஸ்ஸுக்காக நின்றார்கள். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் ஐயாத்துரை அட்டைக் கட்டைப் பொன்னுத்தாயிடம் நீட்டினார்.

"நீங்களே மொத்தமாப் போட்டு விட்டுருங்கம்மா. நல்ல மூஞ்சியாப் போடுங்க, எதுக்கு வம்பு?"

பொன்னுத்தாயும் அதை உபகாரமாகவே நினைத்தார். சாப்பாட்டு இடைவேளையில் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு, இருபத்தாறு சிரித்த முகங்களில் வரிசையாகக் குறியிட்டார். யாரையும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. இவ்விதம் மூன்று மாதங்கள் கழிந்தன.

அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த மிஷின் சந்தில் நின்ற கிருஷ்ணப்ரியாவைத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். பாலவனத்தத்துப் பெண், இருபத்திரண்டு வயது. மிஷினை விட்டு விலகி நின்று, வெறுங்காற்றில் இரு விரல்களால் எதையோ தொட்டுத் தொட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பொன்னுத்தாய் ஓடிப்போய் அவள் காதருகே கத்தினார்.

"ஏத்தா, என்ன செய்யிற?"

"அறுந்துக்கிட்டே இருக்குக்கா. ஒட்ட ஒட்ட அறுந்துக்கிட்டே இருக்கு."

அவள் முன்னிருந்த மிஷினில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. பிறகு அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். இரைச்சலில் அழுகை கேட்கவில்லை; தோள்கள் குலுங்கியது மட்டுமே தெரிந்தது.

மறுநாள் மில் அலுவலகத்தில் ஒரு கடிதம் தயாரானது. குடும்பப் பிரச்சினையால் மனம் பாதிக்கப்பட்டதாகவும், வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும், தானாகவே விலகிக்கொள்வதாகவும் அதில் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கிருஷ்ணப்ரியா கையெழுத்திட வேண்டும். இட்டுவிட்டால் வேலையும் இல்லை, வைத்தியமும் இல்லை. பொன்னுத்தாய், உடன் வேலை பார்க்கும் தங்கச்செல்வியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சின்ன முதலாளியின் அறைக்குப் போனார். இருபது ஆண்டுகளில் அந்த அறைக்குள் அவர் நுழைவது அதுவே முதல் முறை.

சக்திகுமார் மேசைமேல் அட்டைகளைப் பரப்பினார். "பாருங்க. மூணு மாசம். ஒரு நாளாச்சும் அழுத மூஞ்சி இருக்கா? சந்தோஷமா இருந்த பொண்ணு. வீட்டுல என்னமோ நடந்திருக்கு."

பொன்னுத்தாய்க்குத் தம் பேனாவின் மை அடையாளம் தெரிந்தது.

"அது... அந்தப் புள்ள போட்டதில்ல சார். நான் போட்டது."

"அப்ப பொய்யா எழுதுனது நீங்க. முதல்ல உங்களத்தான் விசாரிக்கணும்."

"விசாரிங்க சார்," என்றார் தங்கச்செல்வி. "ஆளுக்கு மூணு மிஷின் குடுத்தது யாருன்னும் அப்படியே சேத்து விசாரிச்சிருங்க."

"உங்க மனசு நல்லா இருக்கணும்னுதானேம்மா இவ்வளவும் செய்யிறேன்?"

"மனசுக்குப் பெட்டி வச்சீக சார், ஒண்ணுக்குப் போக அஞ்சு நிமிசம் விட மாட்டேங்கிறீக," என்றார் தங்கச்செல்வி.

சக்திகுமார் மணியை அழுத்தினார். ஐயாத்துரை வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அன்று பிற்பகல் பெண்கள் இருவரும் பஸ் பிடித்துப் பாலவனத்தத்தில் இறங்கினார்கள். கிருஷ்ணப்ரியாவின் கை சும்மா இருக்கக் கூடாதென்று அவள் தாய் மடியில் முருங்கைக்கீரையைப் போட்டிருந்தார். இலை தீர்ந்த வெறுங்காம்பையும் அவள் விரல்கள் உருவிக்கொண்டிருந்தன. பொன்னுத்தாய் அவள் கையைப் பற்றினார். பற்றிய கைக்குள்ளும் விரல்கள் நிற்கவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை வேனில் எல்லாருடைய முகத்தையும் பார்த்துச் சொன்னார்.

"என்னைய மன்னிச்சிருங்கத்தா. உங்க எல்லாரையும் மூணு மாசமா நாந்தான் சிரிக்க வச்சேன். அந்தச் சிரிப்ப வச்சுத்தான் அவள வெளிய தள்ளுறாக."



"எனக்கு மூணு மாசமாத் தூக்கமே இல்லக்கா," என்றாள் பின்னிருக்கையில் பானுப்பிரியா. "வெளிய சொன்னா வெக்கம்னு இருந்தேன்."

"எனக்குந்தான், சங்கு ஊதுனா நெஞ்சு அடைக்குது," என்றார் இன்னொருவர்.

"ஏ பொன்னு," என்றார் தங்கச்செல்வி, "இன்னைக்கு என் மூஞ்சிய நானே போட்டுக்கிறேன். நீ போட்டா அழகாப் போட்டுருவ."

அவ்வளவு துயரத்திலும் வேனுக்குள் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. இருபத்தைந்து பெண்கள் நீலப் பெட்டியின் முன் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் தம் எண் உள்ள அட்டையைத் தேடி எடுத்து, அழுத முகத்தில் தாமே குறியிட்டு, பின்பக்கத்தில் 'மூன்று மிஷின்' என்று எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் மூன்று கோடுகள் கிழித்தார்கள்.

"வேன் போயிரும், அப்புறம் என்கிட்ட வரக் கூடாது!" என்று ஐயாத்துரை கத்தினார்.

மணி இரண்டு பத்தானது. வரிசை பாதிகூட நகர்ந்திருக்கவில்லை. சின்ன முதலாளியின் அறைக் கதவு மூடியே இருந்தது. நாளை வெள்ளிக்கிழமை. இந்த அட்டைகள் அந்தக் கடிதத்தைத் தடுக்குமா என்று பொன்னுத்தாய்க்குத் தெரியவில்லை. தம் அட்டையில் குறியிட்டார். அதற்கடியில் கிருஷ்ணப்ரியாவின் எண்ணையும் எழுதினார்.

வாசலில் உறுமிக்கொண்டிருந்த வேனின் சத்தம் சட்டென்று நின்றது. டிரைவர் ராஜபாண்டி சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இருக்கையிலிருந்து இறங்கினார்.

"மெதுவா எழுதிட்டு வாங்கத்தா," என்றார். "வண்டி நிக்கிது."