குரோட்டன்ஸுக்கு வெயில் காட்டிய வாரம்

ஞாயிற்றுக்கிழமை வருவதாக அண்ணி போன் செய்தார். தங்கிப் போக அல்ல. எங்கள் வீட்டுக் குரோட்டன்ஸிலிருந்து குச்சி வெட்டிக்கொண்டு போக. ஆறு வருஷத்துக்கு முன் அவரே கொடுத்த செடிதான். அவர் வீட்டிலிருந்த தாய்ச்செடி, சுவர் இடித்துக் கட்டியபோது செங்கல் லோடுக்கு அடியில் போய்விட்டது. மஞ்சளும் சிவப்புமாக இலை முறுக்கிக்கொண்டு வளரும் அந்த வகை இப்போது எங்களிடம் மட்டுமே மிச்சம்.

எங்களுடையதோ பின்கட்டு நிழலில் நின்று வெறும் பச்சையாகிக் கிடந்தது. வெயில் பட்டால் நிறம் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். திங்கட்கிழமை தொட்டியோடு தூக்கி மொட்டைமாடியின் நடுவே வைத்தேன்.

செவ்வாயன்று ஏழு இலை விழுந்தது. புதனன்று பத்தொன்பது. வெள்ளிக்கிழமை எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

"அக்கா கேட்டா என்ன சொல்லப்போறீங்க? நிறம் வரதுக்குள்ள செடி போயிடுச்சுன்னா?" என்றாள் மனைவி.

சனிக்கிழமை மாலை, உதிர்ந்தவற்றில் வாடாததாகப் பார்த்துப் பொறுக்கி, பச்சை நூலால் கிளைகளில் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் மோசமில்லை.

அண்ணி தூரத்திலிருந்து பார்க்கிற ஆள் இல்லை.

"என்ன தம்பி இது, செடிக்குத் தையல் போட்டிருக்கீங்க?"

நடந்ததைச் சொன்னேன். "கடைசிச் செடி, அண்ணி. அதையும் நானே கொன்னுட்டேன்."

அவர் நகத்தால் தண்டைச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது.

"உயிர் இருக்கு. பழக்காம கொண்டுவந்து உச்சி வெயில்ல நிறுத்தினா எந்தச் செடிதான் கோவிச்சுக்காது? கத்திரி குடுங்க."

"இலையே இல்லையே அண்ணி?"

"நுனியில குருத்து இருக்கு, போதும். எப்படியும் நடறதுக்கு முன்னாடி இலையக் கிள்ளத்தான் போறேன். எனக்குப் பாதி வேலை மிச்சம்."

நான்கு குச்சிகளை வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உற்சாகத்தில் தொட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகத் தூக்கினேன்.

"வைங்க கீழ! இன்னொரு தடவ இடம் மாத்தினா நிஜமாவே போயிடும். இங்கேயே இருக்கட்டும், கொஞ்ச நாளைக்கு மதிய வெயில மட்டும் மறைங்க."

"எதை வெச்சு மறைக்கறது?"

"இவரையே நிறுத்திடலாம் அக்கா," என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கார்."

நான் குடையை எடுத்துவரக் கீழே இறங்கினேன்.