தட்டில் ஐந்து வௌவால்

1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. என்னைப் பெண் பார்க்க மணலூர்பேட்டையிலிருந்து வந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கொளஞ்சியம்மாளுக்குக் காப்பியில் பால் கம்மி, குழம்பில் உப்பு ஜாஸ்தி. என் அம்மா அடுப்படியில் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். மூன்றாம் நாள் இருவரும் முகம் பார்த்துப் பேசுவதையே விட்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் மாமா வீரமுத்து மறியலுக்குப் போய்விட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்.

"நம்ம புள்ளைங்களுக்கு காலேஜ்ல எடம் வோணும். அதுக்குத்தான் ரோட்ல படுத்துக்கினு கெடக்கறோம்."

"இவளும் எம்.எஸ்சி. ஜுவாலஜி படிக்கணுங்கறா," என்றார் அப்பா.

"வெலங்கு படிப்பு படிச்ச வரைக்கும் போதும்," என்றாள் கொளஞ்சியம்மாள். "எங்க வூட்ல ரெண்டு எரும தான் இருக்குது."

மாப்பிள்ளைதான் அதிகம் சிரித்தார்.

"வந்தது வந்துட்டோம். தட்ட மாத்திக்கினு போயிடலாம்," என்றார் வீரமுத்து.

அப்பா பீரோவைத் திறந்தார். தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பழைய சீனத் தட்டு. வெள்ளையில் நீல வேலைப்பாடு. நடுவில் மான், விளிம்பைச் சுற்றி ஐந்து பட்டாம்பூச்சி. அப்படித்தான் வீட்டில் சொல்வார்கள். பி.எஸ்சி. சேர்ந்த பிறகுதான் நான் அவற்றை உற்றுப் பார்த்தேன்.

வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். மான் மறைந்துவிட்டது. விளிம்பு மறையவில்லை. கை நீட்டிய கொளஞ்சியம்மாள் நிறுத்தினாள்.

"இன்னாது இது?"

"பட்டாம்பூச்சிங்க. சீனா சாமான்," என்றார் அப்பா.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீதான் படிச்சவளாச்சே. வாயத் தொறந்து சொல்லேன்."

மூன்று நாளில் அவளிடம் நான் பேசிய முதல் சொல் இதுதான்:

"வௌவாலுங்க."

"ஏய்," என்றார் அப்பா.

"காதப் பாருங்க. எறக்கைக்குள்ள வெரல் எலும்பு தெரியுது."

"பாழடைஞ்ச வூட்ல தொங்கற சனியன்ல தாம்பூலமா?" கொளஞ்சியம்மாள் தட்டைத் தள்ளினாள். தேங்காய் மாப்பிள்ளையின் காலடிக்கு உருண்டது. "எங்க குடும்பம் வெளங்கக் கூடாதுன்னே கூட்டியாந்தீங்களா? எழுந்திருடா!"

அப்பா வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனார். வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டி அவர்கள் நடந்தே போனார்கள்.

திரும்பி வந்த அப்பாவிடம் சொன்னேன்: "சீனாவுல வௌவால் நல்ல சகுனம்ப்பா. அஞ்சு இருந்தா அஞ்சு பாக்கியம். லைப்ரரியில படிச்சேன்."

"அத அவங்க இருக்கறப்பவே சொல்றதுக்கு இன்னாடி?" அவர் கையை ஓங்கினார்.

நான் நகரவில்லை.

"சொல்லியிருந்தா, தட்ட மாத்தியிருப்பாங்கப்பா."