இரண்டு வெள்ளைக்கு நடுவே தார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வட நோர்வேக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம். இந்தக் கோடையில் ஒரு பழைய படகுக் கொட்டிலை வாங்கி, கடல் பக்கச் சுவரைச் சுரண்டினேன். வெள்ளைக்குக் கீழே தார், அதற்குக் கீழே மறுபடி வெள்ளை.

இங்கே யாரும் அந்தச் சுவருக்குத் தார் பூசமாட்டார்கள். கரும்பாறை முன்னால் தெரியும் அந்த வெள்ளையையும், பாறை மேலுள்ள தேவாலயக் கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்துத்தான் படகுகள் உள்ளே வரும். கோடு தப்பினால் நீருக்கடியிலுள்ள பாறைத் திட்டில் ஏறிவிடும்.

மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

'1940 ஏப்ரலில் கடலும் மலையும் ஒருசேர அதிர்ந்தபோது...' வேண்டாம், வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது.

குன்வோரிலிருந்து தொடங்குகிறேன். கொட்டில் அவளுடையது. கணவன் ஐலெர்ட் முந்தின நாள் மீனுக்குப் போனவன், இன்னும் வரவில்லை. காலையிலிருந்து பனி கொட்டுகிறது. மேட்டில் காவல் நிற்கும் சிப்பாய் சீவெர்ட், ஐலெர்ட்டின் தம்பி, சறுக்கி இறங்கி வந்தான். கரையிறங்கிய ஜெர்மானியரை மேட்டிலுள்ள நோர்வேச் சிப்பாய்கள் தடுத்து நிறுத்தியிருக்கிறார்களாம். ஆனால் குடா வாயில் அவர்களுடைய போர்க்கப்பல் நிற்கிறது. பனி விலகினால் வெள்ளைச் சுவரைப் பிடித்து உள்ளே வந்து மேட்டிலிருப்பவர்களை முதுகில் சுடும்.

3

[இங்கே குன்வோரை அழவைத்து அரைப் பக்கம் எழுதினேன். அவள் மசியவில்லை. அந்த அரைப் பக்கத்தை வெட்டிவிட்டேன்.]

அவள் தார் வாளியை அடுப்பில் ஏற்றினாள். சுவர் கறுத்தால் கரும்பாறையோடு கலந்து மறைந்துவிடும்.

"அண்ணனும் இந்தச் சுவரைப் பாத்துத்தான் வருவான்," என்றான் சீவெர்ட்.

"வருசா வருசம் வெள்ளையடிக்கிறவள் நான். எனக்குச் சொல்லித் தாறியோ?"

"கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

"மேலை எத்தினை பேர்?"

"நாப்பது."

"அப்ப தூரிகையைப் பிடி. கீழ்ப்பக்கம் உன்ரை."

பிறகு பக்கத்துக் கொட்டிலின் கடல் பக்கச் சுவரில் தன் வெள்ளைக் கல்யாணப் படுக்கை விரிப்புகளை ஆணியடித்தாள்.

4

மதியம் பனி விலகியது. கப்பல் விரிப்புகளைச் சுவரென்று நம்பித் திட்டில் ஏறிச் சிக்கியது. பின்னேரம் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து அதை முடித்தன. மேடு அன்று விழவில்லை.

பனி திரும்ப மூடியது. அப்பால் ஒரு படகின் இயந்திரச் சத்தம். தன் வீட்டுப் படகின் சத்தம் இங்கே எந்த மனைவிக்கும் தெரியும். குன்வோர் விரிப்புகளைப் பிய்த்தெறிந்தாள், காலித் தார் வாளியைக் கல்லால் அடித்தாள், அடித்துக்கொண்டே

முடிவு அ: ஐலெர்ட்டுக்குக் கேட்டது.

முடிவு ஆ: இயந்திரத்தின் சத்தம் வாளிச் சத்தத்தை விட உரத்தது.

இரண்டையும் எழுதினேன். இரண்டையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

5

ஒன்று நிச்சயம். தாருக்கு மேல் பிறகு வெள்ளையடித்திருக்கிறாள், சிந்தாமல், இரண்டு பூச்சு. திரும்பி வந்தவனுக்காகவா, அவன் வராத பிறகும் மற்ற வீட்டுப் படகுகளுக்காகவா? நீங்களே சொல்லுங்கள்.

நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். பின்னேரம் படகுகள் திரும்பும், அதற்குள் மூன்றாவது பூச்சு அடிக்க வேண்டும்.