கத்தரி வைத்த கை

ஓர்லாவின் உயிருக்கு விலை அறுபது வெள்ளிக்காசு. அதுவும் கணினிக்குள் மட்டும் செல்லுபடியாகிற காசு. உதியன்குளங்கரையில் அதற்கு ஒரு பழம்பொரிகூடக் கிடைக்காது.

முந்நூறு கேட்ட இடத்தில் இருநூற்று நாற்பதுக்கு முடிக்கலாம் என்று பொன்னுதாஸ் நினைத்தான். குறைத்துக் கேட்டதைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் பிறந்த குடும்பத்தில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவனைத்தான் டாக்டரிடம் காட்டுவார்கள். உதியன்குளங்கரையில் பதினெட்டு வருடமாகத் துணிக்கடை நடத்துகிறான். தமிழில் கேட்டால் தமிழிலும் மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு, இரண்டிலும் கொடுத்துவிடுவான்.

மனைவி ஷீனாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாலை ரயிலில் பாறசாலை வந்து, கொல்லயில் என்ற ஊரிலுள்ள வீட்டில் குளித்து, சாயாவோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அவள் வேறொரு நாட்டுக்காரி. அந்த விளையாட்டில் மலைக்காரர், ஆற்றுக்காரர் என்று இரண்டு கட்சி. எப்போதும் வெட்டும் குத்தும். ஷீனா இரண்டு வருடமாக இரு கரைக்கும் நடந்து, தூது போய், ஆற்றுக்காரர்களின் தலைவி ஓர்லாவைத் தோழியாக்கியிருந்தாள். இத்தனையும் ஒரு உயிரைக்கூட எடுக்காமல்.

“ஒருத்தரையும் கொல்லாம வெளையாடுகது பெரும்பாடாக்கும்,” என்று பெருமையாகச் சொல்வாள்.

கடைசியில் இரு கரைக்கும் நடுவே பாலம் கட்ட ஓர்லா சம்மதித்தாள். சுங்கம் முந்நூறு வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் கட்டாவிட்டால் வாய்ப்பு போய்விடும். அந்த ஞாயிறு பார்த்து ஷீனாவுக்குக் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியவில்லை.

“இஞ்ச பாருங்க. ஓர்லாவெக் கண்டு முந்நூறு வெள்ளி குடுத்தா போதும். பேரம் பேசப்பிடாது, கேட்டியளா?”

“நான் எதுக்குப் பேரம் பேசப்போறேன்?” என்றான் பொன்னுதாஸ்.

மீனிடம் நனையாதே என்று சொன்ன மாதிரிதான்.

பொன்னுதாஸ் லேப்டாப்பில் ஷீனாவாக உள்ளே போனான். தோழியோடு தனியாகப் பேச, வருவது யாரென்று சொல்லாமலே ஓர்லா காவலர்களை முன்பே அனுப்பியிருந்தாள். பொன்னுதாஸ் ‘விலை அதிகம்’ என்ற பதிலை மூன்று முறை அமுக்கினான். மூன்று முறையும் அவள் சிரித்து, இது உனக்காகவே குறைத்த விலை என்றாள். வாசல்வரை நடந்து பார்த்தான். திரும்பக் கூப்பிடவில்லை. அவன் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

துணிக்கடையில் இதற்கு ஒரு மருந்து உண்டு. வாடிக்கையாளர் இழுத்தடித்தால், அளந்த துணிமேல் கத்தரியை வைத்துவிட வேண்டும். வெட்டுவதற்கல்ல, ‘ஐயோ, வெட்டிவிடுவான்’ என்று நினைப்பதற்கு. ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ அந்த நொடியில் வாய் திறந்துவிடும். பதினெட்டு வருடத்தில் இதனால் ஒரு முழம் துணிகூட வீணானதில்லை.

கத்தியை உருவும் பொத்தானைத் தேடி அமுக்கினான். ஓர்லா வாய் திறக்கவில்லை. சுவரில் தொங்கிய பாலத்தின் வரைபடத்தைக் காட்ட அவள் முதுகைத் திருப்பியிருந்தாள். சரி, நடக்காத வியாபாரம், கத்தியை உறையில் போடுவோம் என்று அதே பொத்தானை இன்னொரு முறை அமுக்கினான்.

அது உறையில் போடுகிற பொத்தான் இல்லை.

நடந்ததை நடந்தபடியே பதிந்துகொள்ளும் விளையாட்டு அது. பின்னால் போக வழி கிடையாது. பார்த்தவர் யாரும் இல்லாததால் கொன்றது யாரென்றும் அது சொல்லவில்லை. ஓர்லாவின் மோதிரம் தரையில் மின்னியது. கைக்கு வருவதை விட்டுவிட்டு நடக்கும் பழக்கம் பொன்னுதாஸுக்கு இல்லை. எடுத்துக்கொண்டு போய், ஷீனாவுக்கு அந்த நாட்டில் இருந்த சின்ன வீட்டின் பெட்டிக்குள் அடியில் போட்டான்.

“நான் போனப்பமே ஓர்லா செத்துக் கிடந்தா,” என்றான் படுக்கையறை வாசலில் நின்று.

ஷீனா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தாள்.

மறுநாளிலிருந்து ஆற்றுச் சந்தை மூடிக்கிடந்தது. ஆற்றுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். மலைக்காரர்கள் வாளைத் தீட்டினார்கள். ஷீனா வேலை விட்டு வந்ததும் வராததுமாகக் கொலையாளியைத் தேடினாள்; மூன்று நாளில் பதினாலு பேரை விசாரித்தாள்.

“நான் நேரத்துக்குப் போயிருந்தா அவ செத்திருக்க மாட்டா,” என்பாள்.

பொன்னுதாஸ் சாயா போட்டுக் கொண்டுவந்து வைப்பான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவன் போடாத சாயா அது.

வியாழக்கிழமை அவள் பெட்டியைத் திறந்தாள். மோதிரம்.

“இந்த வீட்டுக்கு ரெண்டு சாவிதான். ஒண்ணு எனக்க கையில. இன்னொண்ணு ரோவனுக்கு.”

ரோவன் படகோட்டி. முதல் வருடம் வெள்ளத்தில் போன அவளைக் கையைப் பிடித்துக் கரையேற்றியவன்.

“நம்பினவனே சதிச்சுப்போட்டான்,” என்றாள் ஷீனா. கண் கலங்கியிருந்தது. “ஞாயிற்றுக்கெழம ஊர்கூட்டம். மோதிரத்தக் காட்டினா அவனக் கல்லெக்கட்டி ஆத்துல தள்ளுவாவ.”

வெள்ளிக்கிழமை பொன்னுதாஸ் பக்கத்துப் பாத்திரக்கடை சதாசிவனிடம் போனான்.

“சதாசிவா, ஒருத்தன் செய்த காரியத்துக்கு வேற ஒருத்தன் மாட்டினா என்ன செய்ய?”

“எலே, ஜிஎஸ்டியா?”

“இல்ல மக்கா. கொலை.”

சதாசிவன் துடைத்துக்கொண்டிருந்த குக்கர் மூடியை மெதுவாகக் கீழே வைத்தான். முழுக்கதையும் கேட்டதும் மூடியை மறுபடி எடுத்துக்கொண்டான்.

“கம்ப்யூட்டருக்குள்ள உள்ள பெம்பளைக்கா நீ இப்படி வாடிப்போனா? வாயத் தொறக்காம, மிண்டாம இரு.”

“மிண்டாம இருந்தா படகுக்காரன் போவான்டே.”

“போட்டும். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா?”

பொன்னுதாஸுக்குத் தெரியவில்லை. அன்று மாலை ஷீனாவிடம் கேட்டான். உண்டாம். ஒரு மகள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஷீனா லேப்டாப்பைத் திறந்தாள். ஊர்கூட்டம் நிறைந்திருந்தது. நடுவில் ரோவன், கை கட்டப்பட்டு. அவள் மோதிரத்தை எடுத்தாள்.

“அத அவன் வைக்கல்ல,” என்றான் பொன்னுதாஸ்.

“பின்ன?”

“நான் வச்சேன்.”

“செத்தவளுக்க மோதிரத்தையா உருவினிய? சீ!”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாதி உண்மைக்கு நல்ல விலை கிடைக்கிற இடம் அது. சிரித்து மழுப்பினால் படகோட்டியும் பிழைப்பான், புருஷனும் பிழைப்பான். பொன்னுதாஸ் வாய்வரை வந்த லாபத்தை விழுங்கினான்.

“நான் போனப்பம் அவ சாகல்ல, ஷீனா. விலை குறைக்க மாட்டேன்னா. நான்... கத்தரி வச்சேன்.”

துணிக்கடைக்காரன் மனைவிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

“வெட்டினியளா?”

“கை தவறிப்போச்சு.”

“எவ்வளவுக்கு?”

“அறுபது.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை.

“பதினாலு பேர்கிட்ட அலைஞ்சேன். நேரத்துக்குப் போகல்லேன்னு என்னையே பழிச்சேன். நீங்க பக்கத்துல சாயா கொண்டு வச்சிய.”

லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினாள்.

“அவியகிட்ட நீங்களே சொல்லுங்க.”

திரையில் மூன்று பதில்கள். ‘ரோவன்தான்.’ ‘எனக்குத் தெரியாது.’ ‘நானே செய்தேன்.’ மூன்றாவதற்கு என்ன விலை ஆகும் என்று ஷீனாவைக் கேட்க நாக்கு துடித்தது. கேட்காமல் அமுக்கினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன விலை.

ஆற்றுக்காரர்கள் ஷீனாவின் அந்தச் சின்ன வீட்டைக் கொளுத்தினார்கள். நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். அக்கரை சேர்க்கப் படகு எடுத்தவன் ரோவன்தான். வழி முழுக்க முகத்தைத் திருப்பியே துடுப்புப் போட்டான். இறக்கிவிடும்போது மட்டும், முதல் வருடம் போலவே, கையைப் பிடித்துக் கரையேற்றினான். ஷீனா மூக்கை உறிஞ்சினாள்.

அத்தியாயம் முடிந்தது. திரை கறுத்து, இரண்டு வருடத்தின் கணக்கு ஒவ்வொரு வரியாக மேலேறியது. கட்டிய பாலம், இல்லை. மிஞ்சிய நண்பர், ஒருவர். காத்த உயிர், நூற்று முப்பத்தாறு. கொன்ற உயிர், ஒன்று.

ஷீனா கடைசி வரியை விரலால் தொட்டாள். “இது எனக்க பேருலயாக்கும் கிடக்கு.”

“எனக்க பேருக்கு மாத்த முடியாதா?”

“முடியாது.”

அவள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். ஒரு சாயாவுக்கு மட்டும் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது.

நூற்று முப்பத்தாறு வரவு, ஒன்று செலவு. கடையில் என்றால் இதை லாபம் என்று எழுதிவிட்டுக் கதவைச் சாத்துவான். பொன்னுதாஸ் திரையைப் பார்த்தபடி மனசுக்குள் கழித்துப் பார்த்தான். இன்னொரு தடவையும் பார்த்தான். நூற்று முப்பத்தாறும் ஒரு பக்கம் நின்றது. கழியாமல் அந்த ஒன்று அப்படியே நின்றது.